அவள் காட்டாத மூலை

போன மாதம் ஒரு வேலையாக, நான் கடைசியாக வேலை பார்த்த அலுவலகத்துக்குப் போயிருந்தேன். அங்கே இப்போது இருக்கிற பிள்ளைகள் ஒரு செல்போனைக் காட்டினார்கள். இன்றைக்கு எத்தனை மூட்டை சிமெண்ட் போயிற்று, எத்தனை பேர் வேலைக்கு வந்தார்கள், எவ்வளவு செலவாயிற்று என்பதெல்லாம் வீடு கட்டுகிறவருக்குப் படத்தோடு போய்விடுகிறதாம். அவர் துபாயில் இருந்தாலும் சரி, தூத்துக்குடியில் இருந்தாலும் சரி.

"உங்க காலத்துல வீட்டுக்காரங்களுக்கு இதெல்லாம் எப்படி மேடம் காட்டுனீங்க?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"குழிக்குள்ள இறக்கிக் காட்டினோம்" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று தெரிந்ததும் அந்தப் பெண் மட்டும் சிரிப்பை நிறுத்திவிட்டு, "எழுதித் தாங்க மேடம்" என்றாள். அதனால் எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சிவில் டிப்ளமோ முடித்தேன். வகுப்பில் பெண்கள் நான்கு பேர். மற்ற மூவரும் அரசாங்க வேலைக்கு மனுப் போட்டுவிட்டுக் காத்திருந்தார்கள். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. பாளையங்கோட்டையில் சண்முகவேல் அண்ணாச்சி என்று ஒரு காண்டிராக்டர் இருந்தார். வருஷத்துக்கு மூன்று, நான்கு வீடு கட்டுவார். பில் டைப் அடிக்க ஆள் வேண்டும் என்றுதான் என்னைச் சேர்த்தார். இரண்டாவது மாதமே டேப்பைக் கையில் கொடுத்து சைட்டுக்கு அனுப்பிவிட்டார். அங்கே இருந்தவர்களுக்கு என்னை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. சேலை கட்டிக்கொண்டு நோட்டும் பேனாவுமாக வருகிற பெண்களில் அவர்கள் பார்த்தது ஒரு வகைதான். "டீச்சரம்மா" என்று கூப்பிட்டார்கள். ஏழு வருஷம் அந்தப் பெயரோடு இருந்தேன். ஒரு பிள்ளைக்கும் வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்ததில்லை.

அண்ணாச்சி ஒல்லியான ஆள், பேச்சு குறைவு. விலையை எப்போதும் நின்றுகொண்டுதான் சொல்லுவார். உட்கார்ந்து சொன்னால் பேரம் நீளும் என்பது அவர் எண்ணம். சைட்டில் காலில் இடறுகிற ஆணியை எல்லாம் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். அவருடைய எல்லாச் சட்டைப் பையிலும் ஓட்டை இருக்கும். தன் நேர்மையைப் பற்றி அவருக்கே கொஞ்சம் பெருமை உண்டு, அதை அவர் ஒளித்ததும் இல்லை.

அவர் பில் தனி மாதிரி. ஊரில் மற்றவர்கள் சதுர அடிக்கு இவ்வளவு என்று ஒரே தொகையாகச் சொல்லிவிடுவார்கள். அதில் மணலுக்கு எவ்வளவு, கூலிக்கு எவ்வளவு, அவர்கள் கைக்கு எவ்வளவு என்பது அவர்களுக்கே வெளிச்சம். அண்ணாச்சி வாங்கிய விலையை ரசீதோடு எழுதுவார். கூலியைத் தனியாக எழுதுவார். எல்லாவற்றுக்கும் கீழே "நமக்கு" என்று ஒரு வரி வரும். அது அவர் லாபம், நூற்றுக்குப் பத்து.

இதனால் அவருக்கு நல்ல பெயர் வந்தது. வேலை அந்த அளவுக்கு வரவில்லை. கல்லிடைக்குறிச்சியில் கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் வீடு கட்டுவதற்காகக் கூப்பிட்டிருந்தார். மதிப்பீட்டைக் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு மணி நேரம் படித்தார். சிமெண்ட் விலை சரி என்றார், கம்பி விலை சரி என்றார், கொத்தனார் கூலி கூடக் குறைவுதான் என்றார். கடைசி வரிக்கு வந்ததும் முகம் மாறியது. "இது எதுக்கு இவ்வளவு?" என்று ஆரம்பித்தவர் காபி ஆறும்வரை அந்த ஒரு வரியை விடவில்லை. பிறகு வேறொருவரிடம் வேலையைக் கொடுத்தார். அந்த ஆள் சொன்ன தொகை எங்கள் தொகையைவிட அதிகம். ஆனால் அதில் "நமக்கு" என்ற வரி இல்லை. பேராசிரியர் நிம்மதியாகக் கட்டி முடித்து, கிரகப்பிரவேசத்துக்கு அண்ணாச்சிக்கும் பத்திரிகை வைத்தார். அண்ணாச்சி போய்ச் சாப்பிட்டுவிட்டும் வந்தார்.

அவருக்கு இன்னொரு முறையும் இருந்தது. மண்ணுக்குள்ளும் கான்கிரீட்டுக்குள்ளும் மறையப் போகிற எதையும், மறைவதற்கு முன்பு வீட்டுக்காரரே அளந்து பார்க்க வேண்டும். அஸ்திவாரத்துக்குத் தோண்டுகிற குழியை எங்கள் பக்கத்தில் வானம் என்பார்கள். வானத்துக்குள் வீட்டுக்காரர் இறங்காமல் கல் இறங்கக் கூடாது. டேப்பின் நுனியை அவர் அடியில் வைத்துப் பிடிக்க வேண்டும். மேலே இருந்து நான் படிக்கக் கூடாது; ஆழம் எவ்வளவு என்பதை அவர் வாயால் உரக்கச் சொல்ல வேண்டும். நான் எழுதுவேன், அவர் கையெழுத்துப் போடுவார். அப்புறம்தான் கல். கூரைக்குக் கம்பி கட்டினாலும் இதே கதை. சலவை வேட்டியோடு வந்து வானத்துக்குள் இறங்கி, ஒரு செருப்பைச் சேற்றுக்குக் கொடுத்துவிட்டு ஏறியவர்கள் பலர். ஒரு வக்கீல் எங்களைத் திட்டிக்கொண்டே இறங்கினார். ஏறும்போது இரண்டு அங்குலம் குறைகிறது என்று கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில் எனக்கு இளநீர் வாங்கிக் கொடுத்தார்.

இனி பேச்சியம்மாள் விஷயம்.

பேச்சியம்மாள் ஸ்ரீவைகுண்டத்தில் வாழை இலை வியாபாரம் செய்தவள். விடியும் முன்பே தோட்டங்களில் இலை வாங்கிக் கட்டாகக் கட்டி, ஓட்டல்களுக்கும் கல்யாண வீடுகளுக்கும் அனுப்புவாள். ஆற்று வெள்ளத்தில் அவள் வீட்டுச் சுவர் விழுந்த பிறகு, புருஷனும் அவளுமாகச் சொந்தக்காரர் வீட்டு மாட்டுத் தொழுவத்தில் ஒரு பக்கம் தட்டி கட்டிக் குடியிருந்தார்கள். தைக்குள் கான்கிரீட் கூரைக்குக் கீழே போய்ப் படுத்துவிட வேண்டும் என்பதுதான் அவள் கேட்டது. கையில் இருந்த பணத்துக்கு முன்னறை, அடுப்படி, பின்னறை மூன்றுக்கும் சரியாக வரும்படி மதிப்பீடு போட்டோம். அஸ்திவாரம் மூன்றடி என்று வைத்திருந்தேன்.

இடம் ஒரு காலத்தில் வாழைத் தோட்டம். தோண்டிய பிறகுதான் தெரிந்தது, தெற்குப் பக்கம் முழுக்கத் தூர்ந்துபோன வாய்க்கால். மூன்றடியில் களிமண், நான்கடியில் களிமண், ஐந்தடியிலும் களிமண். கெட்டித் தரை வந்தபோது ஆறடியைத் தாண்டிவிட்டது. அது தசரா சமயம். பேச்சியம்மாள் நேர்ச்சைக்குக் காப்புக் கட்டி, வேஷம் போட்டுக்கொண்டு குலசேகரன்பட்டினத்துக்குப் போயிருந்தாள். திரும்பி வர இரண்டு நாள் ஆகும். மேற்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. மழை இறங்கினால் அந்தக் களிமண் கரைகள் சரிந்து, தோண்டியது அத்தனையும் மூடிப்போகும்.

கடைவீதியில் ஒரு டெலிபோன் பூத்துக்கு ஓடிப்போய் அண்ணாச்சியிடம் பேசினேன்.

"கல்லப் போட்டிரச் சொல்லும்மா. ஆனா அந்த அம்மா இல்லங்கதால நீ இறங்கி அளவெடு. ஒவ்வொரு மூலையும் எடுக்கணும்" என்றார்.

நான் ஒரே இடத்தில்தான் இறங்கினேன். தெற்குச் சுவர் ஓரம். ஆறடி சொச்சம். ஏறும்போதே தூறல் விழ ஆரம்பித்துவிட்டது. ஆறு மணி பஸ்ஸை விட்டால் திருநெல்வேலிக்கு அடுத்த பஸ் எப்போது என்று தெரியாது. குடையை விரித்துக்கொண்டு நான் ரோட்டைப் பார்க்க நடந்தபோது, தலைமைக் கொத்தனார் சுடலை பின்னாலிருந்து சத்தம் போட்டார்.

"டீச்சரம்மா, வடகெழக்கு மூலையில நாலரையிலயே கெட்டிச் சரல் வந்துட்டு. அங்கன அதோட நிப்பாட்டிட்டேன், எழுதிக்கிடுங்க!"

"சரி அண்ணே" என்றேன். நாளைக்கு எழுதிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். எழுதவில்லை. மறுநாள் வேறு சைட்டுக்குப் போனேன், அந்தப் பேச்சே மறந்துபோனது. ஒரு வாரம் கழித்து பில் போட்டபோது சுற்றிலும் ஆறடி என்று போட்டேன். இதில் எந்தச் சூதும் இல்லை, சோம்பல்தான். ஆனால் பணம் கொடுக்கிறவருக்கு இரண்டும் ஒரே தொகைதான்.

பில்லோடு அண்ணாச்சியும் நானும் போனோம். பேச்சியம்மாளுக்குக் குலசேகரன்பட்டினத்தில் கத்திய தொண்டை இன்னும் சரியாகவில்லை. படிக்கத் தெரியாது. நான் வாசிக்க வாசிக்க விரல் மடக்கிக் கேட்டாள். முடிந்ததும் அண்ணாச்சியைப் பார்த்தாள்.

"மூணு அடின்னு சொன்னிய. இப்ப ஆறுங்கிய. நான் இறங்கிப் பாத்தாத்தான் கல்லு விழும்னும் நீங்கதான் சொன்னிய. நான் இறங்கலையே அண்ணாச்சி?"

"மழை வந்துட்டும்மா. வேற வழியில்ல. நீங்க எந்த இடத்தையும் காட்டுங்க, அங்கன தோண்டிக் காட்டுதேன். தோண்டுத கூலி என்னோடது."

பேச்சியம்மாள் அஸ்திவாரத்தை ஒருமுறை சுற்றி நடந்தாள். "இலைக்கட்டுல மேலயும் கீழயும் நல்ல இலைய வச்சுட்டு நடுவுல கிழிசலச் சொருகுவாவ. நடுவுல உருவிப் பாக்கணும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, தெற்குச் சுவரின் நட்டநடுவில் காலால் ஒரு கோடு போட்டாள்.

இரண்டு ஆட்கள் சுவரை ஒட்டிக் குறுகலாகத் தோண்டினார்கள். கட்டிய கல் வரிசை வரிசையாக வெளியே தெரிந்தது. அடி தெரிந்ததும் அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏணியில் இறங்கினாள். டேப் நுனியை அடிக்கல்லில் வைத்து, மறுமுனையை என்னைப் பிடிக்கச் சொல்லி, என்ன எண் என்று சுடலையிடம் ஒருமுறையும் ஏணி பிடித்திருந்தவரிடம் ஒருமுறையும் தனித்தனியாகக் கேட்டாள். ஆறே கால். ஏறி வந்து கையைக் கழுவினாள்.

"சரி அண்ணாச்சி. நான் சந்தேகப்பட்டதத் தப்பா எடுத்துக்கிடாதிய. பணத்தத் தாரேன். பின்னறைக்குக் கான்கிரீட் வேண்டாம், ஓடு போட்டுக்கிடுவோம்."

அண்ணாச்சி முகத்தில் அந்தப் பெருமை வந்துவிட்டது. எனக்குச் சுடலையின் முகம்தான் கண்ணில் பட்டது. அவர் வெற்றிலையை மென்றபடி என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்போதுதான் குடையும் தூறலும் அவர் போட்ட சத்தமும் நினைவுக்கு வந்தன. வாயைத் திறக்காமல் இருந்தால் ஒருவருக்கும் தெரியப் போவதில்லை. சுடலை சொல்ல மாட்டார். அவர் சொல்ல வேண்டியதை அன்றைக்கே சொல்லிவிட்டார். ஆனால் அவள் பின்னறைக் கூரையை அல்லவா விட்டுக்கொடுக்கிறாள், அதில் ஒரு பங்கு நான் அளக்காமல் எழுதிய எண்ணுக்காக.

"வடகிழக்கு மூலையில ஆறு இல்ல" என்றேன். "நாலரைதான். நான் அளக்காம எழுதிட்டேன்."

அண்ணாச்சி ஆட்களுக்குக் கையைக் காட்டினார். அந்த மூலையில் தோண்டினார்கள். நாலரை அடியில் அடிக்கல் முடிந்து, கீழே சரல் இறுகிக் கிடந்தது. கட்டுமானத்தில் ஒரு குறையும் இல்லை. கெட்டித் தரை வந்த இடத்தில் நிறுத்துவதுதான் சரி. எண்தான் பொய்.

இந்தத் தடவை பேச்சியம்மாள் குழிக்குள் இறங்கவில்லை.

"இவ்வளவு நேரம் நான் வெயில்ல நின்னேம்லா, அப்பம் ஏன் பிள்ளே சொல்லல?"

"இப்பதாம்மா ஞாபகம் வந்தது."

"இப்பதான் ஞாபகம் வந்துச்சுன்னு நான் நம்பணும். இன்னும் எந்தெந்த மூலையெல்லாம் பொறவு ஞாபகம் வருமோ." அண்ணாச்சி பக்கம் திரும்பினாள். "ஆளுகளக் கூட்டிட்டுப் போங்க. நான் யோசிச்சுச் சொல்லி விடுதேன்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் அண்ணாச்சி எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார். கருங்குளம் தாண்டியது, செய்துங்கநல்லூர் தாண்டியது. பாளையங்கோட்டையில் இறங்கும்போதுதான் பேசினார்.

"அந்த மூலைய அவ காட்டலையேம்மா."

அவ்வளவுதான். திட்டவில்லை. திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன், திட்டு வாங்க வேண்டிய வேலையைத்தான் செய்திருந்தேன். அளக்காமல் எழுதியதற்கு அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை, கேட்காததைச் சொன்னதற்குத்தான் இந்த வருத்தம். கேட்டால் எதையும் காட்டுகிற மனிதர் அவர். அதில் ஒரு பழுதும் சொல்ல முடியாது. ஆனால் அவருடைய நேர்மை கேள்வி வருகிற வரைக்கும்தான் போகும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். எனக்கு அழுகை வந்தது. அவர் மேல் வந்த கோபமா, என் மேல் வந்ததா என்று இன்றுவரை பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு ஒன்றரை மாதம் என்னை எந்த சைட்டுக்கும் அனுப்பவில்லை. பழைய பில்களை எடுத்துப் புது நோட்டில் எழுதச் சொன்னார். அடைமழை பெய்துகொண்டிருந்தது. பேச்சியம்மாளின் அஸ்திவாரம் தண்ணீருக்குள் கிடக்கிறது என்று சுடலை வந்து சொன்னார். தைக்குள் கூரை என்ற பேச்சு இனி இல்லை என்று நினைத்தேன். தொழுவத்துத் தட்டிக்குள் சாரல் அடிக்குமே என்றும் நினைத்தேன். வேலை போனால் போகட்டும் என்று வீட்டில் சொல்லியும் வைத்தேன்.

கார்த்திகை பிறந்து சில நாள் ஆகியிருக்கும். பேச்சியம்மாள் நனைந்த சேலையோடு அலுவலகத்துக்குள் வந்தாள். அண்ணாச்சி எழுந்து நாற்காலியைக் காட்டினார். அவள் உட்காரவில்லை.

"வேற ரெண்டு காண்டிராக்டர்கிட்ட கேட்டேன் அண்ணாச்சி. ரெண்டு பேரும் வந்து பாத்துட்டு, குழியில இறங்கவும் வேண்டாம் ஏறவும் வேண்டாம், ஒரு தொகையத் தந்துட்டு நிம்மதியா இரும்மான்னாவ. எல்லாம் சரியா இருக்கும்னாவ. ஒரு குறையும் வராதுன்னு அடிச்சுச் சொன்னாவ." சேலை நுனியைப் பிழிந்துகொண்டாள். "அதான் இங்க வந்துட்டேன். வேலையத் தொடங்குங்க. ஆனா அளவு பூராவும் இந்தப் பிள்ளதான் எடுக்கணும். அவ எழுதுனத நீங்க மாத்தப்பிடாது."

"அவளே எடுக்கட்டும். நீங்க கூட இருந்து இறங்கிப் பாத்துக்கிடுங்க. அதான் நம்ம முறை" என்றார் அண்ணாச்சி.

"நான் எதுக்கு இறங்கணும்? நான் இறங்குன இடத்துல சரியாத்தான இருந்துச்சு? நான் பாக்காத மூலைய அவதான சொன்னா. இனிமே எனக்கு ஒண்ணும் காட்டாண்டாம். அவ சொன்னாப் போதும்."

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. ஒரு பெரிய பில்லில் கையெழுத்துப் போடுவதற்கு முன் கொஞ்சம் தயங்குவாரே, அந்த மாதிரி இருந்தது. "சரி" என்றார்.

மறுநாளே போனேன். தண்ணீரை இறைத்துவிட்டு, இன்னும் ஆறு இடத்தில் தோண்டச் சொல்லி ஒவ்வொன்றிலும் நானே இறங்கி அளந்தேன். ஓரிடத்தில் ஆறு, ஓரிடத்தில் ஐந்தே கால், வடக்குப் பக்கம் ஐந்துக்கும் கீழே. பில் நன்றாகவே இறங்கியது. தோண்டிய கூலி முழுவதையும் அண்ணாச்சி "நமக்கு" வரியில் கழித்துக்கொண்டார். நான் கேட்கவில்லை, அவராகவே செய்தார். அதையும் சொல்லிவிட வேண்டும். பின்னறைக் கூரைக்கு முக்கால்வாசிப் பணம் அதில் மீண்டது. மிச்சத்தைப் பேச்சியம்மாள் முகூர்த்த மாதத்து இலையில் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள்.

"அவ சொன்னாப் போதும்" என்று அவள் சொல்லிவிட்டுப் போனது எனக்குப் பெருமையாக இருந்திருக்கும் என்று நினைப்பீர்கள். பயமாகத்தான் இருந்தது. அதுவரை வீட்டுக்காரர் கையில் டேப்பின் ஒரு நுனி இருந்தது. நான் தப்பாகப் படித்தால் அவர் கண்ணில் படும், கூட்டல் பிசகினால் அண்ணாச்சி கண்ணில் படும். இப்போது ஒருவரும் பார்க்க மாட்டார்கள். நான் எத்தனை மூட்டை என்றால் அத்தனை மூட்டை. எந்த வீட்டுக்கும் இல்லாத சுமையாக அந்த மூன்று அறை வீடு தலையில் உட்கார்ந்துகொண்டது.

தை பிறப்பதற்கு முன்பே கூரைக்குக் கம்பி கட்டி முடித்தார்கள். கான்கிரீட் போடுகிற அன்று காலையில் கம்பிகளைச் சரிபார்க்க நான் மட்டும் ஏணியில் ஏறினேன். கலவை போடுகிற ஆட்கள் சட்டியோடு வரிசையாக நின்றார்கள். அண்ணாச்சி கீழேயிருந்து, "நேரமாவுது, எழுதிட்டு இறங்கும்மா" என்றார். முன்னறையை எண்ணினேன், அடுப்படியை எண்ணினேன், பின்னறைக்கு வந்தேன். எண்ணிக்கை சரியாக இருந்தது. குனிந்து இடைவெளிகளை அளந்தேன், அதுவும் சரியாக இருந்தது. நோட்டில் எழுதிவிட்டுக் கீழே பார்த்தேன்.

வாசலில் வேப்பமரத்தடியில் பேச்சியம்மாள் உட்கார்ந்து, அன்றைக்கு அனுப்ப வேண்டிய இலைகளைக் கட்டிக்கொண்டிருந்தாள். என் காலடியில் அவள் வீட்டுக் கூரை. ஒருமுறைகூட அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

நான் முதல் கம்பியிலிருந்து மறுபடியும் எண்ண ஆரம்பித்தேன்.